1995: ஜப்பானை ஆட்டங்காண வைத்த ஆண்டு

கோபே நகரில் பழைய வீடு ஒன்றைக் காட்டி, இது தாங்குமா என்று கேட்டு வருபவரிடம் நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, கட்ட அனுமதி வாங்கியது 1981 ஜூனுக்கு முன்பா, பின்பா என்பதுதான். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான புதிய கட்டட விதிகள் அந்த மாதம் அமலுக்கு வந்தன. அந்தத் தேதியின் அருமை நாட்டுக்கு உறைக்க 1995 வரவேண்டியிருந்தது. கட்டடப் பொறியாளனாக இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவன் நான். வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே தொடங்கினாலும் அந்த ஆண்டில்தான் வந்து நிற்கும்.

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46. எதிரே இருக்கும் அவாஜி தீவின் பக்கமிருந்து கிளம்பிய நடுக்கத்தின் அளவு 7.3. பலமான குலுக்கல் சில வினாடிகள்தான். பின்விளைவுகளால் இறந்தவர்களையும் சேர்த்து 6,434 உயிர்கள் போயின. பெரும்பாலோர் படுத்த இடத்திலேயே நசுங்கியும் மூச்சுத் திணறியும் இறந்தார்கள். புயலுக்குப் பறக்கக் கூடாதென்று களிமண் குழைத்துப் பதித்த கனத்த ஓட்டுக்கூரை மேலே. அதைச் சுமக்க ஒல்லியான மரத்தூண்கள் கீழே. பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கக் குறுக்குச் சட்டங்கள் போதவில்லை. மாடி அப்படியே இறங்கித் தரைத்தளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. 1981-க்குப் பின் கட்டிய வீடுகள் பெரும்பாலும் நின்றன.

காலணிப் பட்டறைகளும் மரவீடுகளும் நெருங்கிக் கிடந்த நாகாத்தா வட்டாரம் எரிந்தது. நிலத்தடிக் குழாய்கள் உடைந்துபோனதால் தீயணைப்பு வீரர்கள் கையில் குழாய் இருந்தும் தண்ணீர் இல்லை. ஹன்ஷின் விரைவுச்சாலை 600 மீட்டர் நீளத்துக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த படம் உலகெங்கும் போனது. சரியாக ஓராண்டு முன்பு, அதே ஜனவரி 17 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நிலநடுக்கத்தில் பாலங்கள் விழுந்தபோது, நம் ஊரில் இப்படி நடக்காது என்று பேசியவர்கள் இங்கே இருந்தார்கள். என் தொழில்காரர்கள்தான்.

அரசு தடுமாறியது. மாகாண ஆளுநர் ராணுவ உதவி கேட்டதே காலை பத்து மணிக்குத்தான். அந்த ராணுவமே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று பல்லாண்டு பேசிவந்த சோஷலிஸ்டுக் கட்சியின் தொமீச்சி முராயாமா அப்போது பிரதமர். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினரை வெளியே இழுத்தவர்கள் அக்கம்பக்கத்தார். எங்களோடு வேலை செய்யும் முதிய தச்சர் ஒருவர், காருக்குச் சக்கரம் மாற்றும் ஜாக்கியால் உத்தரத்தை நெம்பித் தூக்கி எதிர்வீட்டுப் பாட்டியை எடுத்திருக்கிறார். இப்போதும் அவர் வண்டியில் ஒன்றுக்கு இரண்டு ஜாக்கி இருக்கும். பிறகு முதுகுப்பையோடு நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்தார்கள். ஓராண்டில் வந்த தன்னார்வலர்கள் 13 லட்சத்துக்கும் மேல். யாரும் கூப்பிடாமல் இவ்வளவு பேர் வந்தது இந்த நாட்டுக்குப் புதிது.

மார்ச் 20, தோக்கியோ. காலை எட்டு மணி, அலுவலக நெரிசல். ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழுவினர் ஐந்து சுரங்க ரயில்களில் சாரின் நச்சுத் திரவப் பைகளை வைத்து, கூர்தீட்டிய குடைமுனையால் குத்திவிட்டு இறங்கிப்போனார்கள். குறி, அரசு அலுவலகங்கள் சூழ்ந்த கசுமிகசேக்கி நிலையம். அந்தப் பைகளை அப்புறப்படுத்திய நிலைய ஊழியர்களும் இறந்தார்கள். செயின்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். பேரிடருக்கென்று முன்யோசனையோடு அதன் தேவாலயச் சுவரிலும் நடைவழிகளிலும் ஆக்சிஜன் குழாய் பதித்திருந்ததால், அங்கேயே படுக்கவைத்துச் சிகிச்சை கொடுக்க முடிந்தது. குழுவில் படித்த விஞ்ஞானிகள் இருந்தார்கள் என்பதுதான் ஜப்பானியருக்கு இன்னும் செரிக்காத செய்தி. தலைவர் ஷோக்கோ அசஹாரா உட்பட 13 பேர் 2018-இல் தூக்கிலிடப்பட்டார்கள். இங்கே சுற்றுலா வரும் நம்மவர்கள், ரயில் நிலையத்தில் ஏன் குப்பைத்தொட்டியே இல்லை என்று என்னிடம் கேட்பதுண்டு. தொட்டிகள் மறையத் தொடங்கியது அந்தத் தாக்குதலுக்குப் பிறகுதான்.

ஏப்ரலில் டாலரின் மதிப்பு 80 யென்னுக்கும் கீழே போய், ஏற்றுமதி நிறுவனங்கள் திணறின. அதே மாதம் தோக்கியோவும் ஒசாக்காவும் பெரிய கட்சிகளின் வேட்பாளர்களை ஒதுக்கிவிட்டு, தொலைக்காட்சியில் சிரிக்கவைத்துப் பேர் வாங்கிய யுக்கியோ அவோஷிமாவையும் நோக் யோகோயாமாவையும் ஆளுநர்களாக்கின. ஆகஸ்டில் ஹ்யோகோ வங்கி முறிந்தது. வங்கி மூழ்காது என்ற எண்ணமும் அதோடு போயிற்று. அதே ஆகஸ்டின் 15-ஆம் தேதி, போர் முடிந்து ஐம்பது ஆண்டு நிறைந்த நாளில், காலனி ஆட்சிக்கும் ஆக்கிரமிப்புக்கும் முராயாமா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிற்காலப் பிரதமர்களை எடைபோட இன்றும் அந்த அறிக்கையைத்தான் எடுத்துவைக்கிறார்கள்.

கொண்டாட ஒன்றுமில்லையா என்றால், இருந்தது. அப்போது கோபேயைத் தாயகமாகக் கொண்டிருந்த ஓரிக்ஸ் பேஸ்பால் அணி, ஊருக்குத் தெம்பு சொல்லும் வாசகத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு ஆடி, பசிபிக் லீக்கை வென்றது. 21 வயது இச்சிரோ சுசுகி அந்த அணியின் நட்சத்திரம். அமெரிக்கா போன ஹிடியோ நோமோ, டாட்ஜர்ஸ் அணிக்குப் பந்துவீசி ஆண்டின் சிறந்த புதுமுகமானார். அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘எவாஞ்சலியன்’ கார்ட்டூன் தொடரில், உலகைக் காக்க ராட்சத இயந்திரத்தில் ஏறவேண்டிய 14 வயதுப் பையன், ஏறமாட்டேன் என்கிறான். பெரியவர்கள் மேல் நம்பிக்கை இழந்த தலைமுறை அவனைத் தன்னவனாக எடுத்துக்கொண்டது. நவம்பரில் விண்டோஸ் 95 வாங்க அகிஹபராவில் நள்ளிரவில் கூட்டம் மொய்த்தது.

ஆண்டு முடிவதற்குள் இரண்டு முடிவுகள் வந்தன. பழைய கட்டடங்களைப் பலப்படுத்துவதற்கான சட்டம் டிசம்பர் 25 அன்று அமலானது. ஜனவரி 17-ஐப் பேரிடர்த் தடுப்பு மற்றும் தன்னார்வலர் நாளாக அமைச்சரவை அறிவித்தது. தொண்டு அமைப்புகள் எளிதாகப் பதிவுபெறும் சட்டமும், வீடிழந்தவர்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கும் சட்டமும் 1998-இல் வந்தன. பின்னதற்காகக் கோபே மக்கள் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பம் குலுங்கியபோது, அதே கனத்த ஓடும் ஒல்லித் தூணுமாக நின்ற வீடுகள் முதியவர்கள் மேல் விழுந்தன. பலப்படுத்த மானியம் உண்டு. ஆனால் மீதிச் செலவை, பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்ட எண்பது வயதுக்காரர் எதை நம்பிச் செய்வார்? 1995 எழுதிய சட்டம் நல்ல சட்டம். அது சொன்ன வேலை இன்னும் முடியவில்லை.