மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் தேவை!

கை நடுங்கி சில்லறையை எண்ணி கொடுக்க முடியாது. நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக் கொள்ளும். பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோயாளிகள் படும் பாடு இது. மாத்திரை மட்டும் போதாத கட்டத்தில் சிலருக்கு 'டி.பி.எஸ்.' ஆபரேஷன் செய்கிறார்கள்.

மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சில் தோலுக்கு அடியில் பதித்த பேட்டரி கருவியில் இருந்து மின்தூண்டல் கொடுப்பார்கள். பிரான்ஸ் டாக்டர் அலிம் லூயி பெனாபிட் குழுவினர் 1987-ல் தொடங்கிய முறை இது.

"ஆபரேஷன்தான் முடிஞ்சு போச்சே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று இருந்துவிட்டால் சிக்கல்தான்.

நடுக்கம் திரும்பினால்...

ஆபரேஷன் முடிந்த சில நாள் நடுக்கம் குறைந்து, பிறகு திரும்ப வரலாம். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சில வாரம் கழித்துதான் கருவியை 'ஆன்' செய்வார்கள். மின்தூண்டலின் அளவை கூட்டி குறைத்து சரிப்படுத்த சில மாதம் ஆகும். அழைத்த தேதியில் தவறாமல் போக வேண்டும்.

மாத்திரையை நிறுத்தாதீர்

இந்த ஆபரேஷன் நோயை அடியோடு போக்காது. மாத்திரை அளவு குறையலாம், ஆனால் டாக்டர்தான் குறைக்க வேண்டும். நாமாக திடீரென நிறுத்தினால் உடம்பு இறுகி, கடும் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கரண்ட் சூடு கூடாது

மூட்டு வலி, முதுகு வலிக்கு பிசியோதெரபியில் கொடுக்கும் 'டயாதெர்மி' எனும் கரண்ட் சூடு சிகிச்சை கூடவே கூடாது. சூடு கம்பி வழியாக மூளைக்கு போய் சேதப்படுத்தி, உயிரையும் பறிக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் கருவி பற்றி முதலிலேயே சொல்லி விடுங்கள்.

நீச்சல் தெரிந்தவரும் உஷார்! கருவி வைத்த பிறகு நீந்த முடியாமல் போன 9 பேர் பற்றி சுவிட்சர்லாந்து டாக்டர்கள் 2019-ல் எழுதினர். குளம், கிணற்றில் தனியாக இறங்காதீர்கள்.

உடனே ஓடுங்கள்

தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு போங்கள். பேச்சு குழறுவது, அடிக்கடி விழுவது, திடீர் கோபம், மனச்சோர்வு ஆகியவற்றையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கருவியின் அளவை மாற்றினாலே சில சரியாகிவிடும்.

சாதாரண பேட்டரி சுமார் 3 முதல் 5 ஆண்டு வரும். சார்ஜ் ஏற்றும் வகை அதைவிட அதிக காலம் உழைக்கும். பேட்டரி தீர்ந்தால் பழைய நடுக்கமும் விறைப்பும் திரும்பி வரும். எனவே ஒவ்வொரு முறை போகும்போதும் "பேட்டரி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டு குறித்து வையுங்கள். மாற்றும் செலவுக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்வது நல்லது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி அட்டை, வெளியே போகும்போது எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.