பிஞ்சு வெம்பி விழுகிறதா? பூவைப் பாருங்கள்!



"கொடி நல்லா படர்ந்திருக்கு, பூவும் நிறைய பூக்குது. ஆனா பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிர்ந்துடுது." பரங்கி, பாகல், சுரை போட்டவர்கள் பலரும் சொல்லும் குறை இது. உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கி அடிக்கிறோம். கடன் வாங்கிப் பந்தல் போட்டவர்களுக்கு இது மேல்செலவு. பல நேரம் செடிக்கு நோயே இருக்காது. பூவில் நடக்க வேண்டிய வேலை நடக்காததுதான் காரணம்.

ஒரு கொடி, இரண்டு வகைப் பூ

தக்காளி, கத்தரியில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில் இருக்கும். பரங்கி அப்படியில்லை. ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி.

ஆண் பூ: காம்பு நீளமாக, மெல்லிசாக இருக்கும். நடுவில் ஒரே தண்டு. அதைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். அதுதான் மகரந்தம்.

பெண் பூ: இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருக்கும். அதுதான் சூலகம். பூவின் நடுவில் பிசுபிசுப்பாக இருப்பது சூல்முடி.

முதலில் ஆண் பூக்கள்தான் வரும். "வெறும் பூவா பூக்குது" என்று பயப்பட வேண்டாம். பெண் பூ பின்னால் வரும்.

காய் பிடிப்பது எப்படி?

மகரந்தம் சூல்முடியில் ஒட்ட வேண்டும். அங்கிருந்து மெல்லிய குழாய் போல வளர்ந்து, சூலகத்துக்குள் இருக்கும் சூல்களைச் சேரும். சூல் விதையாகும், சூலகம் காயாகும். ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் துகள் தேவை. பரங்கியில் எத்தனை விதை என்று நமக்கே தெரியும்! போதுமான அளவு ஒட்டாவிட்டால் காய் கோணலாகும். ஒட்டவே இல்லையென்றால் பிஞ்சு வெம்பி விழும்.

பரங்கியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்றில் பறக்காது. தேனீதான் சுமந்து வர வேண்டும்.

நாமே செய்யலாம்

பரங்கிப் பூ விடியற்காலை விரிந்து, மதியத்துக்குள் மூடிவிடும். பெண் பூவுக்கு அந்த ஒரு நாள்தான் வாய்ப்பு.

1. காலை 6 மணி முதல் 8 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறியுங்கள்.
2. இதழ்களைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.
3. நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடி முழுவதும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும்.

பாகலுக்கும் காலைதான் நேரம். சுரை, பீர்க்கு, புடலைப் பூக்கள் மாலையில் விரியும். அவற்றுக்கு மாலையில் செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியவை

• பூ விரிந்திருக்கும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள். தேனீ செத்தால் நமக்குத்தான் நஷ்டம்.
• மார்கழிக் கோலத்துக்கு ஆண் பூவைப் பறியுங்கள். அதிலும் கொடியில் சிலதை விட்டுவையுங்கள்.
• உதிர்ந்த பிஞ்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. தண்ணீர் குறைந்தாலும் பிஞ்சு உதிரும்.

இதற்குக் காசு செலவில்லை, காலையில் கொஞ்ச நேரம் போதும். நாளைக்கே கொடியில் ஆண் பூ எது, பெண் பூ எது என்று பாருங்கள். கை வைத்த பூவில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். எத்தனை காய் பிடித்தது என்று அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்!