தோல் முட்டை: இளங்கோழிக்குக் கிளிஞ்சல் எப்போது, எவ்வளவு?

ஐந்து மாதம் தீனி போட்டு வளர்த்த விடைக்கோழிகள் கொண்டை சிவந்து முட்டையிடத் தொடங்கும் வேளையில், கூண்டில் ஓடில்லாத முட்டை கிடந்தால் யாருக்கும் மனம் சோர்ந்துபோகும். தொட்டால் அமுங்கும், தூக்கினால் பை போலத் தொங்கும் இதைத்தான் தோல் முட்டை என்கிறோம். இதை விற்க முடியாது, அடைவைக்க முடியாது. கூண்டிலேயே உடைந்துவிட்டால் மற்றக் கோழிகள் கொத்திக் குடித்துப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வந்தபின் நல்ல முட்டையும் தப்பாது.

'சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டது, டானிக் ஊற்றுங்கள்' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை. அது பாதி உண்மை. இளங்கோழிக்கு எவ்வளவு கால்சியம் கொடுக்கிறோம் என்பதைப் போலவே, எந்த வயதில், எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். முன்கூட்டியே அதிகமாகக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். பிந்தினால் கோழியின் எலும்பு கரையும்.

ஓடு உருவாவது இரவில்

ஒரு முட்டை கோழியின் உடலுக்குள் முழுமையாக உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. இதில் ஓடு படிவதற்கு மட்டும் 18 முதல் 20 மணி நேரம் தேவை. பெரும்பாலான கோழிகள் முற்பகலில் முட்டையிடுவதால், அடுத்த முட்டைக்கான ஓட்டின் பெரும்பகுதி கோழி அடைந்து தூங்கும் இரவில்தான் உருவாகிறது.

55 முதல் 60 கிராம் எடையுள்ள முட்டையில் ஓடு மட்டும் 5 முதல் 6 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். கணக்கிட்டால், ஒரு முட்டைக்குக் கோழி தன் உடலிலிருந்து 2 கிராமுக்கு மேல் கால்சியத்தைக் கொடுக்கிறது. தின்னும் கால்சியத்தில் ஏறத்தாழ பாதிதான் உடலில் சேரும் என்பதால், தினமும் முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் கால்சியம் தேவைப்படுகிறது.

எலும்பில் ஒரு சேமிப்பு

இரவில் கோழி தீனி தின்பதில்லை. அந்நேரத்தில் குடலிலிருந்து வரும் கால்சியம் போதாதபோது எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதற்காகவே முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன்பு, பெண்மைச் சுரப்புகள் கூடும்போது, தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் உட்குழிவில் கால்சியம் நிறைந்த தனி எலும்புத் திசு வளர்கிறது. வங்கியில் போட்டுவைத்த பணம் போல இரவில் எடுப்பதும் பகலில் நிரப்புவதுமாக இது நடக்கிறது.

அந்த இரண்டு வாரத்தில் தீவனத்தில் போதிய கால்சியம் இல்லாவிட்டால் சேமிப்பு நிரம்பாது. முட்டையிடத் தொடங்கியதும் கோழி உடலைத் தாங்கும் எலும்பையே கரைக்க ஆரம்பிக்கும். முதலில் தோல் முட்டையும் மெல்லிய ஓடும் தெரியும். அடுத்து கோழி நடக்கத் தயங்கும். பிறகு காலை நீட்டிப் படுத்துவிடும். கூண்டில் அடைத்து வளர்க்கும் கோழிகளில் இதை அதிகம் பார்க்கலாம். நோய் என்று நினைத்து அறுத்துவிடுவோரும் உண்டு. தொடக்கத்திலேயே தரையில் தனியாக விட்டு, தீனியும் தண்ணீரும் எட்டும்படி வைத்து, மருத்துவர் யோசனைப்படி கால்சியம் கொடுத்தால் பல கோழிகள் எழுந்துவிடும்.

எந்த வயதில் எவ்வளவு?

தீவனத்தில் இருக்க வேண்டிய கால்சியம்:

* குஞ்சுப் பருவத்திலும் வளரும் பருவத்திலும் - சுமார் 1 சதவீதம்
* முட்டைக்கு முந்தைய இரண்டு வாரம் - 2 முதல் 2.5 சதவீதம்
* முதல் முட்டைகள் வரத் தொடங்கியதிலிருந்து - 3.5 முதல் 4 சதவீதம்

முட்டைக் கோழித் தீவனத்தை மூன்று மாதக் கோழிக்குப் போடக் கூடாது. தேவைக்கு மீறிய கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் இளங்கோழியின் சிறுநீரகம் பழுதடையும். உள்ளுறுப்புகளின் மேல் வெண்சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்து கோழி இறக்கும்.

இரண்டு வாரத்தை எப்படிக் கணிப்பது? வெள்ளை லெகார்ன் வகை முட்டைக் கோழிகள் 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். நாட்டுக்கோழிகள் ஆறு மாதம் வரையோ, சில சமயம் அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். ஆகவே நாட்காட்டியைவிடக் கோழியைப் பாருங்கள். கொண்டையும் தாடியும் சிவந்து பெரிதாகும். முதுகில் கை வைத்தால் இறக்கையை விரித்துப் பதுங்கி உட்காரும். மூலை முடுக்கில் இடம் தேடி அலையும். இந்த அறிகுறிகள் தெரிந்ததும் கால்சியத்தைக் கூட்டத் தொடங்கலாம்.

தூள் மட்டும் போதாது

சுண்ணாம்புக்கல் தூள் மாவு போல இருந்தால் சில மணி நேரத்தில் கரைந்து போய்விடும். ஓடு படியும் இரவில் குடலில் மிச்சம் இருக்காது. 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் நொய்யோ சுண்ணாம்புக்கல் குருணையோ அரைவைப்பையில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். எனவே மாலைத் தீனியோடு கிளிஞ்சல் நொய் கிடைக்கும்படி செய்யுங்கள். செலவே இல்லாமல் பலன் தரும் மாற்றம் இது.

தீவனத்தை நீங்களே அரைத்துக் கலப்பவராக இருந்தால், முட்டையிடும் கோழிகளுக்கான 100 கிலோ கலவையில் தாது உப்புடன் 8 முதல் 10 கிலோ வரை கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் சேர வேண்டும். அதில் பாதிக்கு மேல் குருணையாக இருக்கட்டும். அளவு மிஞ்சினாலும் தொல்லைதான்: தீவனம் ருசிக்காமல் கோழி குறைவாகத் தின்னும், எச்சம் நீர்க்கும், ஓட்டின் மேல் சொரசொரப்பான படிவு தெரியும்.

சுண்ணாம்புத் தண்ணீர் உதவுமா?

சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைக் குடிக்க வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தெளிநீரில் கரைந்திருக்கும் கால்சியம் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. கோழி நாளெல்லாம் குடிப்பது கால் லிட்டர். கிடைப்பது கால் கிராம்கூட இல்லை. தேவையோ 4 கிராம். தண்ணீர் கசந்தால் குடிப்பதும் குறையும்.

கேழ்வரகு, தானியங்களிலேயே கால்சியம் மிகுந்தது. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் இருப்பது சுமார் 0.35 கிராம்தான். மக்காச்சோளத்திலும் அரிசியிலும் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தவிட்டை மட்டுமே நம்பினால் இன்னொரு சிக்கல்: அதிலுள்ள பைட்டேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முருங்கைக் கீரையும் மற்றக் கீரைகளும் நல்ல துணைத் தீனி. ஆனாலும் ஓட்டுக்கான கால்சியத்தைக் கிளிஞ்சல்தான் தர வேண்டும்.

வீட்டில் சேரும் முட்டை ஓட்டையும் பயன்படுத்தலாம். கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, காயவைத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிக் கொடுங்கள். பச்சையாகப் போட்டால் முட்டை கொத்தும் பழக்கத்தை நாமே சொல்லிக்கொடுத்தது போலாகும்.

பல வயதுக் கோழிகள் சேர்ந்திருந்தால்

புறக்கடையில் குஞ்சு, விடை, சேவல், முட்டைக் கோழி எல்லாம் ஒன்றாக மேயும். எல்லோருக்கும் கால்சியம் கூடிய தீவனத்தைப் போட முடியாது. இதற்கு எளிய வழி, தீவனத்தில் கலக்காமல் கிளிஞ்சல் நொய்யைத் தனிக் கிண்ணத்தில் மழை படாத இடத்தில் வைப்பது. முட்டையிடும் கோழி தன் தேவைக்கு, குறிப்பாக மாலையில், தானே தேடித் தின்னும். தேவையில்லாதவை அதிகம் தொடாது. சில நாள் முட்டையிட்டு, பிறகு அடைகாத்து ஓய்ந்துவிடும் நாட்டுக்கோழிக்கு இந்த முறை மிகவும் ஏற்றது.

தின்ற கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயிலில் மேயும் கோழிக்கு இது தானாகக் கிடைக்கும். கொட்டகையை விட்டு வெளிவராத கோழிக்குத் தீவனத்தின் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். மாதக்கணக்கில் வைத்திருந்த தீவனத்தில் வைட்டமின்கள் குறைந்துபோகும்.

கிளிஞ்சல் வைத்தும் தோல் முட்டை வந்தால்

முதல் முட்டைகளில் ஒன்றிரண்டு தோல் முட்டையாக வருவது இயல்பு. முட்டைப் பாதை இன்னும் சீராகாததே காரணம். ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். அதற்கு மேல் தொடர்ந்தால் இவற்றைப் பாருங்கள்:

* இரவில் நாய், பூனை, கீரி மிரட்டுகிறதா? பயந்த கோழி ஓடு படியுமுன்பே முட்டையைத் தள்ளிவிடும். அடையும் கட்டைக்குக் கீழே தோல் முட்டை கிடந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.
* கடும் வெயிலா? வாயைத் திறந்து இளைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓடு உருவாகத் தேவையான கார்பனேட் குறைகிறது. தீனியும் குறைவாகத் தின்னும். நிழலும் குளிர்ந்த நீரும் கொடுத்து, விடியலிலும் மாலையிலும் தீவனம் வையுங்கள்.
* மக்காச்சோளத்திலோ கடலைப் பிண்ணாக்கிலோ பூஞ்சணம் பிடித்திருக்கிறதா? அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுத்து வைட்டமின் டி பயன்படாமல் செய்துவிடும்.
* தண்ணீர் உப்பா? உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஓட்டின் தரத்தைக் குறைக்கும்.
* உடல் எடை வருமுன்பே விளக்குப் போட்டீர்களா? சேமிப்பு நிரம்பாமலே கோழி முட்டைக்கு வந்திருக்கலாம். எடை வந்தபின் வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி, பகலும் சேர்த்து 16 மணி நேரத்தோடு நிறுத்துங்கள்.

பல கோழிகள் ஒரே சமயத்தில் தோல் முட்டையிட்டு, முட்டை எண்ணிக்கையும் திடீரென்று சரிந்தால் அது தீவனக் குறை என்று காத்திருக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல், தொற்று மூச்சுக்குழல் அழற்சி, முட்டை குறைவு நோய் மூன்றும் இப்படித்தான் தலைகாட்டும். முட்டை குறைவு நோயில் கோழி நன்றாகத் தின்று திரியும், முட்டை மட்டும் ஓடின்றி வரும். பழுப்பு ஓட்டு முட்டை நிறம் வெளிறும். மூச்சுக்குழல் அழற்சியில் ஓடு சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராக இருக்கும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்நோய்களுக்கான தடுப்பூசிகளை முட்டைக்கு வருமுன்பே போட்டு முடித்துவிடுவது நல்லது.

தோல் முட்டையைக் கண்டதும் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓடு இல்லாததால் கிருமி எளிதில் புகும். வைத்திருக்கவோ பச்சையாகக் குடிக்கவோ வேண்டாம்.

உங்களிடம் நான்கு, ஐந்து மாத விடைகள் இருந்தால் இன்றே பொரித்த தேதியைக் குறித்துவையுங்கள். தினமும் கொண்டையைப் பாருங்கள். சிவக்கத் தொடங்கியதும், மாட்டுத் தீவனக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கிளிஞ்சல் நொய்யை ஒரு கிண்ணத்தில் மாலைக்கு முன் வைத்துவிடுங்கள். ஐந்து மாதத் தீனிச் செலவு நல்ல முட்டையாகத் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த இரண்டு வாரக் கவனிப்பில்தான் இருக்கிறது.