பால் வாங்க வந்த இரும்புப் பெண்மணி

தலையிலே துணி கட்டிய மூதாட்டி ஒருவர் இலண்டன் நகரத்துச் சிறு கடையொன்றில் பால் வாங்குகிறார். அவர் யாரென்று அங்கு எவருக்கும் தெரியவில்லை. வீடு திரும்பியதும் பாலின் விலை ஏறிவிட்டதெனக் கணவரிடம் குறைப்படுகிறார். அந்தக் கணவர் என்றோ இறந்துவிட்டார் என்பது சற்றுப் பொறுத்தே நமக்குப் புலனாகிறது.

2011ஆம் ஆண்டில் உருவான 'த அயர்ன் லேடி' திரைப்படம் இவ்வாறு தொடங்குகின்றது. மூதாட்டி, பிரித்தானியாவைப் பதினொன்றரை ஆண்டுகள் ஆண்ட மார்கிரட் தட்சர். நடித்தவர் மெரில் ஸ்றீப். 1971இல் கல்வி அமைச்சராக இருந்தபோது, ஏழு வயதைக் கடந்த பள்ளிச் சிறார்களின் இலவசப் பாலை நிறுத்தி, 'பால் பறித்தவர்' என்று பெயர் வாங்கியவர் அம்மையார். அவரையே பால் வாங்க அனுப்பிய இயக்குநர் பிலிடா லொயிட், அந்த முரணை அங்கேயே கைவிட்டுவிடுகிறார். படத்தின் பெருங்குறையும் இதுவேதான்; எதையும் தொட்டுவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறது.

ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திப்படத் துணுக்குகளாக ஓடி மறைகின்றது. 1982இல் 'பெல்கிரானோ' கப்பலை மூழ்கடிக்க அவர் ஆணையிடும் காட்சி உண்டு. அதில் மாண்ட 323 ஆர்ஜன்ரீன மாலுமிகளுக்குத் திரையில் இடம் இல்லை. 1979இல் எயாரி நீவ் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது தட்சர் அவ்விடத்தில் இருக்கவில்லை. படமோ அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஏன் இவ்வாறெல்லாம் ஆட்சி புரிந்தார், யார் அதற்கு விலை கொடுத்தார் என்ற வினாக்களுக்கு விடை தேட எவரும் முயலவில்லை.

இத்தனைக்கும் நடுவே ஸ்றீப் அம்மையாரின் நடிப்போ வேறோர் உயரத்தில் நிற்கின்றது. குரலைத் தாழ்த்தப் பழகும் இளந்தலைவி, அமைச்சரவைக் கூட்டத்தில் தாளிலிருந்த எழுத்துப்பிழையைப் பிடித்து ஜெஃப்ரி ஹோவை எல்லோர் முன்னிலையிலும் சிறுமைப்படுத்தும் பிரதமர், நினைவு தவறித் தடுமாறும் முதியவள் ஆகிய மூவரும் ஒருவரே என்பதை அவர் கண்களே உணர்த்துகின்றன. உணர்வு எப்படியிருக்கிறதென்று வைத்தியர் வினவும்போது, என்ன நினைக்கிறாய் என்றல்லவா கேட்கவேண்டும் என்று சீறுகிறாரே, அந்த ஒரு காட்சியிலே முழுத் தட்சரும் இருக்கிறார். 2012இல் அவருக்கு மூன்றாவது ஒஸ்கார் கிடைத்தது. மிகத் தகுதியானதே.

ஆயினும் நம்மில் பலருக்கு அவ்வாட்சி வெறும் திரைக்கதையன்று. 1985 ஏப்ரலில் தட்சர் இலங்கைக்குச் சென்று, பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்ரோறியா அணையைத் திறந்துவைத்தார். அடுத்த மாதமே அவருடைய அரசு இலங்கையர் அனைவரும் விசா பெற்றே வரவேண்டுமென விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் மீது அத்தகைய விதி அதுவே முதன்முறை. 1987 பெப்ரவரியில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் ஹீத்றூ விமான நிலையத்தில் மேலாடைகளைக் களைந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். உரிய ஆவணமின்றி ஆட்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ள் வில்லியம்' என்னும் பழைய கப்பலில் அகதிகள் அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். ஒக்ரோபர்ப் புயலில் அக்கப்பல் கட்டறுந்து போனது. 105 நிமிடப் படத்தில் இவற்றுக்கெல்லாம் இடம் எதிர்பார்ப்பது பேராசையாயிருக்கலாம். சுரங்கத் தொழிலாளிக்கே கிடைக்காத இடம் நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். திருமணம் பேசும் இளம் மார்கிரட், தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டே செத்துப்போகத் தன்னால் முடியாதென்று டெனிசிடம் சொல்கிறாள். இறுதியிலே, இறந்த கணவரின் உடுப்புகளை மூட்டை கட்டிய பின், மூதாட்டி சமையலறையில் நின்று தன் கோப்பையைத் தானே கழுவுகிறார். அக்காட்சியில் என் கண்கள் கலங்கின. இந்தப் பெண்மணிக்காகவா என்று என்மீதே எனக்குச் சினம் வந்தது. படம் நியாயம் கேட்கவேண்டிய இடத்தில் இரக்கம் கேட்கிறது என்பது தெரிந்திருந்தும், ஸ்றீப் அந்தக் கோப்பையைத் துடைத்து வைக்கும்வரை என்னால் எழுந்துபோக முடியவில்லை.