ஜெல்லிக்குள் குட்டிக் குடல்!

குட்டீஸ், கடல்பாசி ஜெல்லி சூட்டில் உருகும், ஆறினால் கட்டியாகும். ஆய்வகத்து, 'மேட்ரிஜெல்' அப்படியே தலைகீழ்! குளிரில் பாகு போல் ஓடும். 37 டிகிரி சூட்டில், அதாவது நம் உடல் சூட்டில், கட்டியாகி விடும்.

தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், செல்கள் தோசை மாதிரி பரவி விடும். இந்த ஜெல்லிக்குள்ளோ எல்லாப் பக்கமும் பிடிமானம். 2009ல், நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், சுண்டெலிக் குடலின் ஒரே ஒரு ஸ்டெம் செல்லை இதற்குள் வைத்தனர். கடுகை விடச் சின்னதாய் ஒரு குட்டிக் குடலே வளர்ந்து விட்டது!

'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நோய், நுரையீரல் சளியைப் பசையாக்கி, குழந்தைகளை மூச்சுத் திணற வைக்கும். அதே கோளாறு குடல் செல்களிலும் உண்டு. எனவே, நோயாளியின் குடலில் துளி எடுத்து, குட்டிக் குடல் வளர்த்து, அதில் மருந்தைக் கலந்து பார்க்கின்றனர். நீர் உள்ளே இறங்கி, அது பலூன் போல் உப்பினால்... அந்தக் குழந்தைக்கு அந்த மருந்து கேட்கும் என்று அர்த்தம்!