கார் ஷெட்டின் கதவும் மேலை வெயிலும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையை அடைகிறது. இச்சாலையின் இருமருங்கிலும் உள்ள கிராமங்களில் மோட்டார் வண்டியை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் வீட்டின் முகப்போடு சேர்ந்த திறந்த போர்ட்டிகோவே அமைக்கப்படுகிறது. அதற்குக் கதவு கிடையாது. ஆயினும் களவுக்கும் மழைச் சாரலுக்கும் அஞ்சி அதனை அடைக்க விரும்புவோர் உளர். அடைத்தபின் அதன் ஒரு மூலையில் தையல் இயந்திரம் வந்து சேரும்; வேறோர் இல்லத்தில் முதியவர் ஒருவரின் கட்டில் வந்து சேரும். அந்நிலையில் கதவைப் பற்றிய வினா வண்டியைப் பற்றியதாக இராமல், உள்ளே இருப்பவரின் உடல்நலம் பற்றியதாகிவிடுகிறது.

கடைகளில் இருவகைக் கதவுகள் காட்டப்படுகின்றன. ஒன்று, ஒற்றை இரும்புத் தகட்டாலான ஷட்டர். மற்றொன்று, இரு தகடுகளுக்கிடையே நுரைப்பொருள் அடைத்த வெப்பக் காப்புக் கதவு. பின்னது விலை மிகுந்தது. அச்செலவு தகுமா என்று கிராமப் பணியாளரிடம் கேட்பவருக்கு விடை கூற, வெப்பம் எவ்வழியாக உள்ளே வருகிறது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

வெப்பக் காப்புக் கதவு குளிர் நாடுகளில் பெருமை பெற்றது. அங்குக் குளிர்காலத்தில் வீட்டினுள் 20 டிகிரியும் வெளியே உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியும் இருக்குமாயின், வேறுபாடு 30 டிகிரி ஆகும். அவ்வேறுபாட்டின் உந்துதலால் வெளியேறும் வெப்பத்தைத் தடுப்பதே நுரைப்பொருளின் பணி. பாறசாலையிலோ, குளிர்சாதனம் இல்லாத கொட்டகையின் உட்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே நிழலில் ஓரிரு டிகிரி வேறுபாடே காணப்படும். தடுப்பதற்கு அங்கு மிகுதியாக ஒன்றுமில்லை. இங்கு வெப்பத்தைக் கொண்டுவருவது காற்றன்று. தகட்டின்மீது நேராக விழும் வெயிலே.

மேற்கு நோக்கிய கதவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.1 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர். மேகமற்ற பிற்பகலில் ஒரு சதுர மீட்டர் மேற்குச் சுவரின்மீது சுமார் 600 வாட் வெயில் விழுவதாகக் கொள்ளலாம். கரும்பச்சை போன்ற இருண்ட நிறம் இதில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சிவிடும். காற்று 33 டிகிரியாக இருக்கும்போது அத்தகடு ஏறத்தாழ 52 டிகிரிக்குச் சூடேறி, முழுக் கதவின் வழியாகச் சுமார் 770 வாட் வெப்பத்தை உள்ளே செலுத்துகிறது. இஸ்திரிப் பெட்டி ஒன்றை மாலைவரை அறைக்குள் சூடாகவே வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும். 40 மில்லிமீட்டர் நுரைப்பொருள் அடைத்தால், அதே நிறத்தில் இவ்வெப்பம் சுமார் 80 வாட்டாகக் குறைகிறது. வணிகர் கூறுவது இதுவரை உண்மையே.

ஆனால் ஒற்றைத் தகட்டுக்கே வெள்ளைப் பெயின்ட் அடித்தால் உட்புகும் வெப்பம் சுமார் 250 வாட்டாகிவிடும். அவ்வெள்ளைத் தகட்டின்மீது நேர்வெயில் படாதவாறு நிழலும் அமைத்தால் 50 வாட்டுக்கு மேற்படாது. அதாவது, நிழலில் நிற்கும் வெள்ளைத் தகடு, வெயிலில் நிற்கும் இருண்ட காப்புக் கதவைவிடக் குறைந்த வெப்பத்தையே உள்ளே விடுகிறது. இவை மதிப்பீடுகளே, காற்றின் வேகத்துக்கும் தூசுக்கும் ஏற்ப மாறுபடும். வெள்ளை நிறம் அழுக்கேறினால் பயன் குன்றும் என்பதால் அவ்வப்போது கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு தகட்டின்மீது நிலைத்து நிற்பதில்லை. எண்ணெய்ப் பெயின்டே ஏற்றது.

நிழல் என்றவுடன் பலரும் கூரையின் இறவாணத்தை நீட்டுவர். மேற்குப் பக்கத்தில் இது ஏமாற்றம் தரும். ஏப்ரலில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 36 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஒரு மீட்டர் நீண்ட இறவாணம் அப்போது கதவின் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே மறைக்கும். 5 மணிக்கு அதுவும் இல்லை. மேலை வெயிலை மறைக்க நிமிர்ந்து நிற்கும் மறைப்பே தேவை: சற்று விலகி நட்ட மரம், கொடி படர்ந்த பந்தல், தொங்கவிட்ட ஓலைத் தட்டி.

கதவைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வீட்டார் தலைக்குமேல் இருப்பதை மறந்துவிடுவதும் உண்டு. இவ்வூர்களில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. 15 சதுர மீட்டர் பரப்புள்ள பழைய தகரக் கூரை அவ்வேளையில் 2,500 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் கீழே இறக்கும். கதவு தருவதைப்போல் மூன்று மடங்கு இது. நுரைப்பொருளுக்குச் செலவிடப் பணம் இருப்பின் அது முதலில் கூரைக்கு அடியில் செல்லட்டும்.

இனி, காற்று. பிற்பகலில் கடற்காற்று வீசுவதும் மேற்குத் திசையிலிருந்தே. வெயிலுக்கு அஞ்சிக் கதவை மூடினால் காற்றையும் இழக்க நேரிடுகிறது. ஈரம் மிகுந்த இச்சீதோஷ்ண நிலையில் வியர்வை உலர்வதற்குக் காற்றோட்டமே வழி. விளிம்பெங்கும் ரப்பர்ப் பட்டையிட்டு இறுக மூடும் காப்புக் கதவு இவ்வழியை அடைத்துவிடும். மேலும், ஓடி நின்ற எஞ்சின் குளிர்வதற்குள் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை வெளியிடுகிறது. இறுக மூடிய கொட்டகையில் அது உள்ளேயே தங்கும். இரு பருவமழைகளின் ஈரமும் அவ்வாறே தங்கித் துருவையும் பூஞ்சணத்தையும் வளர்க்கும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் கூறிவைத்தல் நலம்.

வெயிலை மறைத்துக் காற்றை விடும் உபாயம் இப்பகுதிக்குப் புதியதன்று. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்டச் சாளரங்கள் அதற்குச் சான்று. (1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது.) கதவின் மேலும் கீழும் சாய்ந்த மரச்சட்டங்கள் அமைத்தால், கீழே நுழையும் காற்று சூடேறி மேலே வெளியேறும். நடுப்பகுதி மரப்பலகையாயின் வேறொரு நன்மையும் உண்டு: 25 மில்லிமீட்டர் பலகை, தனித் தகடு உட்செலுத்தும் வெப்பத்தில் பாதியைத் தடுத்துவிடும்.

காப்புக் கதவுக்கு உரிய இடமும் உண்டு. கொட்டகையைக் குளிர்சாதனம் பொருத்திய அறையாக்கினாலும், பால், மீன் போன்றவற்றைக் குளிர்வித்து வைத்தாலும் கணக்கு மாறிவிடுகிறது. உள்ளே 24 டிகிரி, வெளியே 33 டிகிரி எனில், நிழலிலும்கூட ஒற்றைத் தகட்டின் வழியே 250 வாட் இடைவிடாது உட்புகும். காப்புக் கதவில் 40 வாட்டுக்குள் அடங்கும். எட்டு மணி நேரம் கருவி இயங்கினால் நாளொன்றுக்கு அரை யூனிட் மின்சாரத்துக்கும் சற்று மிகுதியாக மிச்சமாகும். குளிர்பதன அறையாயின் வேறுபாடு இன்னும் பெரிது. வாங்குவோர் நுரைப்பொருளின் விளிம்புகள் தகட்டால் முழுதும் மூடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். தெர்மோகோலை எலியும் எறும்பும் குடைந்துவிடும். கண்ணாடிப் பஞ்சு நனைந்தால் காப்புத்திறனை இழந்துவிடும்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை மாணவருக்கு எளிதில் காட்டலாம். ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களை எடுத்து, ஒன்றுக்குக் கறுப்பும் மற்ற இரண்டுக்கும் வெள்ளையும் பூசி, மூடியில் துளையிட்டுத் தெர்மாமீட்டரைச் செருகவும். பிற்பகல் 3 மணிக்கு மூன்றையும் மேற்கு நோக்கி வரிசையாக வைத்து, வெள்ளை டப்பாக்களுள் ஒன்றன்முன் ஓலைத் தட்டியை நிறுத்தவும். கால் மணிக்கு ஒருமுறை 5 மணிவரை குறித்துவருக. மறுநாள் கறுப்பு டப்பாவின் உட்புறத்தில் தெர்மோகோல் ஒட்டி அதே சோதனையைத் திரும்பச் செய்து, இரு நாட்களின் எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதலாம்.