பழைய ஜீப் ஏன் தூக்கித் தூக்கிப் போடுகிறது?

தேவாரம், போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளின் எடையைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். அடுக்கிய எஃகுப் பட்டைகள் வளைந்து பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. அவற்றுக்கிடையே துரு ஏறினால் உராய்வு கூடும். சிறு கல்லுக்குப் பட்டை வளையாது, அதிர்வு நேராக இருக்கைக்கு வரும்.

வளைந்த ஸ்பிரிங் நிமிரும்போது வண்டி மேலும் கீழும் ஆடும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாயும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் ஆட்டம் அடங்காது. பட்டையின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களும் வெயிலிலும் வெப்பத்திலும் இறுகி வெடிக்கும். 'கடகட' ஓசை அதன் அறிகுறி.

சீரமைப்பைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் டயர் காற்று: அளவு மீறினால் டயரே கல்லாகிவிடும். டயரின் வயதும் முக்கியம். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அடுத்து, பட்டைகளைக் கழற்றித் துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் பூசுவது. பிறகு புஷ். புது ரப்பர் புஷ் மாட்டியதும் வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திய பின்னரே போல்ட்டை இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். ஷாக் அப்சார்பரை ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பாரத்துக்காகக் கூடுதல் பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் விறைக்கும். காலியாக இறங்கும் வண்டி இன்னும் அதிகமாகக் குலுங்கும்.